நடுங்கக்கூடத் தெரியாத பச்சைப் பிள்ளை... தெரியுமா?

ஆடிப்பூரத்தில் அம்மனுக்கே வளைகாப்பு நடத்திப் பார்க்கிற ஊர் திருநெல்வேலி! காந்திமதி அம்பாளுக்கு வளையல் அடுக்கி, முளைகட்டிய பயறை மடியில் கட்டி, பிள்ளைத்தாய்ச்சியாகவே பாவித்துக் கும்பிடுகிற மண். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்குப் புதுப் பிள்ளை வந்தால் யாராவது சும்மா இருப்பார்களா? ஆச்சி உரைகல்லோடு வருவார், அத்தை சாம்பிராணித் தூபக்காலோடு வருவார், சித்தி கண்மை டப்பாவோடு வருவார்!

ஆனால், மனித ஆயுளிலேயே ஆபத்து நிறைந்த மாதம் எது தெரியுமா? பிறந்த முதல் 28 நாட்கள்தான்! 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 28 பேர் ஒரு வயதைத் தொடவில்லை. அந்த 28 பேரில் 20 பேர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த 28 என்பது அப்போதே 13 ஆகக் குறைந்திருந்தது. இன்னும் குறைக்க முடியும், அதில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது!

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரை வீடுகள் அத்தனைக்கும் பொருந்தும் ஆச்சரியங்கள் இதோ. படித்துக்கொண்டே வாருங்கள், ஒன்று பிடிபடும்: பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். செய்யாமல் விட வேண்டியவைதான் எக்கச்சக்கம்!

பிள்ளைக்கு நடுங்கத் தெரியாது, தெரியுமா?

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பிறந்த பிள்ளைக்கு அந்த வித்தை கிடையாது! கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. குறைமாதப் பிள்ளையிடம் அந்தக் கையிருப்பும் குறைவு. அதனால்தான் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று வெப்பமானி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம்! உங்கள் புறங்கையைப் பிள்ளையின் வயிற்றில் வையுங்கள், பிறகு உள்ளங்காலில் வையுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. வயிறு சூடு, கால் சில்லிப்பு என்றால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே அணைத்துச் சூடேற்ற வேண்டும். வயிறும் காலும் சேர்ந்து சில்லிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். வெப்பமானி இருந்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு.

அம்மாவின் நெஞ்சுதான் மலிவான இன்குபேட்டர், தெரியுமா?

1978-இல் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில், பொகோடா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைக்கச் சொன்னார். உலகமே இன்று அதைக் ‘கங்காரு பராமரிப்பு’ என்கிறது! இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு கால்வாசி குறைந்தது!

வீட்டிலும் தொடரலாம். பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு லங்கோடு மட்டும் போதும். மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு மூடாதபடி பார்த்து, மெத்தென்ற பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். பச்சை உடம்புக்காரி களைத்திருந்தால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம். தாத்தாவும் உட்காரலாம்!

சேனை தொடும் தேனில் வில்லன் ஒளிந்திருக்கலாம், தெரியுமா?

குடும்பத்தில் நல்ல குணசாலி ஒருவர் வந்து பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்க வேண்டும், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்மூர் ஐதீகம். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொடுவார்கள். தேனில் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடல் அவற்றைச் சட்டை செய்யாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சு கக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடும்! பிள்ளைகளுக்கு வரும் இந்த நோயை 1976-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில்தான் அடையாளம் கண்டார்கள். ஒரு வயது வரை தேன் ஒரு துளியும் வேண்டாம்.

குணசாலி வரட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்கி ஆசீர்வதிக்கட்டும். முதல் ருசி சீம்பாலாக இருக்கட்டும், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்!

அக்னி நட்சத்திரத்திலும் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், தெரியுமா?

பாளையங்கோட்டை வெயிலில் பெரியவர்களுக்கே நாக்கு வறளும். ‘பிள்ளைக்குத் தவிக்காதா?’ என்று ஒரு பாலாடைத் தண்ணீர் புகட்டத் தோன்றும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான்! முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு கோலிக்குண்டு அளவே கொள்ளும். அதில் தண்ணீரை ஊற்றினால் பாலுக்கு இடம் ஏது? தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும் ஆறு மாதம் முடியட்டும்.

பால் போதுகிறதா என்பதற்கு நனைந்த துணிகளே சாட்சி! ஐந்தாறு நாள் ஆன பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் வயிறு நிறைகிறது என்று பொருள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு, பத்துப் பதினைந்து நாளில் மீண்டுவிடும்.

கிரைப் வாட்டர் பிறந்தது 1851-இல், தெரியுமா?

இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் உருவாக்கியது அது. பழைய தயாரிப்பில் சாராயச் சத்தும் கலந்திருந்தது! அப்போது பிள்ளைகள் ஏன் ‘சமத்தாக’த் தூங்கின என்று இப்போது புரிகிறதா? இன்றைய பாட்டில்களில் சாராயம் இல்லை. ஆனாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிய மருந்தும் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்ற விதியில் அதற்கும் விலக்குக் கிடையாது.

ராத்திரியில் பெயரே சொல்லக்கூடாத வசம்பு, தெரியுமா?

‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் ‘பேர் சொல்லாதது’ என்றும் இதற்கு மரியாதை! சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் கல்லில் உரைத்து நாக்கில் தடவும் உரைமருந்து இல்லாத வீடு ஒரு காலத்தில் கிடையாது. வசம்பில் பீட்டா-அசரோன் என்ற தீங்கான வேதிப்பொருள் உண்டு. அதனால்தான் உணவில் வசம்பு சேர்க்க அமெரிக்கா 1968-இலேயே தடை போட்டது! உரைகல்லில் நேற்றைய ஈரமும் எறும்பும் தூசியும் இருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். வசம்பு வளையல் கட்டினாலும் அதன் துண்டு பிள்ளை வாய்க்கு எட்டுமா என்று பாருங்கள்.

தொப்புளுக்கு மருந்தே வேண்டாம், தெரியுமா?

சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், சில இடங்களில் சாணம்... அந்தச் சின்னத் தண்டில் நம்மவர்கள் எதைத்தான் தடவவில்லை! அப்படித் தடவியவற்றின் வழியாகவும் துருப்பிடித்த பிளேடு வழியாகவும் நுழைந்த ரணஜன்னி எத்தனையோ பிள்ளைகளைக் கொன்றது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் இரண்டும் சேர்ந்து அதை விரட்டின. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உறுதிசெய்யப்பட்டது!

தொப்புளுக்குத் தேவை உலர்ந்த காற்று மட்டுமே. லங்கோட்டைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானே காய்ந்து விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஆண் பிள்ளைக்கும் மார்பில் பால் சுரக்கும், தெரியுமா?

நம்ப முடிகிறதா? அம்மாவின் ஹார்மோன் பிள்ளை உடம்பில் மிச்சமிருப்பதால், சில பிள்ளைகளின் மார்பு வீங்கி ஒன்றிரண்டு சொட்டுப் பாலும் வரும். ‘கட்டியிருக்கு, பீச்சி விடணும்’ என்று அழுத்தினால்தான் வினை: கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகிவிடும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானே வற்றும். அதே ஹார்மோனால் பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் ஒரு துளி ரத்தம் கசியலாம். அதுவும் இயல்புதான்!

காமாலை வெளிச்சத்தைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ், தெரியுமா?

1956-ஆம் ஆண்டுக் கோடை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியர் பிள்ளைகளைத் தோட்டத்து வெயிலில் காட்டிவிட்டு வருவார். ஒரு பிள்ளையைத் துணி விலக்கிப் பார்த்தால், வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்கிறது, துணி மூடிய இடம் மட்டும் அப்படியே மஞ்சள்! ஜன்னலோரம் தற்செயலாக வெயில் பட்டுக் கிடந்த ரத்தக் குழாயிலும் பித்தநிறமியின் அளவு குறைந்திருந்தது. மருத்துவர் ரிச்சர்ட் கிரெமர் விளக்குக் கருவி செய்து, 1958-இல் அதைப் பற்றி எழுதினார். இன்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் நீல வெளிச்சம் வீசும் சிகிச்சைக்கு மூலம் அந்தத் தோட்டம்தான்!

‘அப்போ வாசல் வெயிலே போதுமே?’ என்றால், போதாது! மருந்துக்கு எவ்வளவு அளவு என்று தெரிந்துதானே கொடுக்கிறோம்? வெயிலுக்கு அளவு கிடையாது; பிள்ளைத் தோல் பொசுங்கும், அல்லது குளிர் தாக்கும். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ ரத்தப் பரிசோதனைதான் ஒரே வழி. தாமதித்தால் மூளையும் காதும் பாதிக்கப்படும்.

பீரோவில் இருக்கும் அந்துருண்டை ரத்தத்தை உடைக்கும், தெரியுமா?

பழைய பருத்திச் சேலை, தாத்தாவின் எட்டு முழ வேட்டி ஆகியவற்றை விட மெத்தென்ற துணி பிள்ளைக்குக் கிடைக்காது, உண்மைதான். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து உதறும்போது குப்பென்று ஒரு வாசனை வருகிறதே, அதைக் கவனியுங்கள்! அது அந்துருண்டை, அதாவது நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் உண்டு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். அவர்கள் உடம்பில் அந்த வாசனை ஏறினால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து கடுமையான காமாலை வரும். எண்ணெய் தேய்த்த தோல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும்!

கர்ப்பத்தின் ஏழாம் மாதமே துணிகளை வெளியே எடுங்கள். துவைத்து, நல்ல வெயிலில் பல நாள் காயப்போட்டு, முகர்ந்து பாருங்கள். வாசனை மிச்சம் இருந்தால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம்.

உச்சிக்குழி தானே மூடும், தெரியுமா?

‘ஏளா, பிள்ளைக்கு உச்சி குளிர எண்ணெய் வச்சியா? மூக்குல ரெண்டு சொட்டு விட்டியா?’

‘இல்ல ஆச்சி, மூக்குல விடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ.’

‘நான் எட்டுப் பிள்ளய வளத்தவ, எனக்குத் தெரியாதா?’

ஆச்சியை எதிர்த்துப் பேச யாரால் முடியும்? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் டாக்டரம்மா பக்கம்தான் நியாயம்! மூக்கிலும் தொண்டையிலும் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெய் நிமோனியா வரும், அது எளிதில் கரையாது. காதிலும் எண்ணெய் வேண்டாம். உச்சிக்குழி எண்ணெயால் மூடுவதில்லை. மண்டையோட்டு எலும்புகள் வளர்ந்து ஏறத்தாழ ஒன்றரை வயதில் தானே மூடும். அது குழிந்து உள்வாங்கினால் உடம்பில் நீர் குறைகிறது, புடைத்து நின்றால் தலைக்குள் கோளாறு இருக்கலாம். இரண்டுமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறி.

ஆச்சிக்கு ஆசையாக இருந்தால் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கை கால்களை மெதுவாக நீவிவிடட்டும். அது நல்லது! கண்மை கண்ணுக்குள் வேண்டாம். கடை மையில் ஈயம் இருக்கலாம், வீட்டு மையில் விரல் அழுக்கு இருக்கலாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துவிட்டால் ஊர்க்கண்ணும் படாது, மருத்துவரும் திட்டமாட்டார்!

மல்லாந்து தூங்க வைத்ததே ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் காவல், தெரியுமா?

தூக்கத்தில் காரணம் தெரியாமல் பிள்ளைகள் இறப்பது மேல்நாடுகளில் பெரிய துயரம். 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று பிரசாரம் தொடங்கினார்கள். மருந்து இல்லை, கருவி இல்லை, சாவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது!

புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை விரித்து, மேலே மடித்த வேட்டியைச் சுருக்கமில்லாமல் போட்டால் தட்டையான, உறுதியான படுக்கை தயார். தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எதுவும் அருகில் கூடாது. சேலைத் தொட்டிலில் பிள்ளை வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும். தொட்டில் கம்பு வைத்து அகலமாக்கி, கண் பார்வையிலேயே வையுங்கள். மேலே கொக்கியின் பிடிப்பையும் ஃபேன் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மூத்த பிள்ளைகள் தொட்டில் துணியில் சுற்றி விளையாடினால் கழுத்து இறுகும் ஆபத்து உண்டு.

‘உரம்’ எடுப்பது மூளையைக் குலுக்கும், தெரியுமா?

பிள்ளை ஓயாமல் அழுதால் ‘உரம் விழுந்திருக்கு’ என்று சேலையில் போட்டு உருட்டி எடுப்பார்கள். பிறந்த பிள்ளையின் தலை கனம், கழுத்து வலுவற்றது. உலுக்கும்போது மண்டைக்குள் ரத்தக் குழாய் அறுந்துவிடலாம்! பசியா, ஈரமா, உறுத்தலா என்று பாருங்கள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்: அம்மாவின் உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கி, விரல் சிவந்து வீங்கியிருக்கலாம். அரைஞாண் கயிறு இறுகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை!

சாம்பிராணி வாசம் நமக்கு, இருமல் பிள்ளைக்கு!

பிள்ளை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது. நம்மை விடப் பல மடங்கு வேகத்தில் புகையையும் உள்ளிழுக்கும்! சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், பீடி சிகரெட் மூன்றும் அறைக்கு வெளியே நிற்கட்டும். முகத்தருகே பவுடர் பஃப்பும் வேண்டாம். கொசுவுக்கு வலைதான் காவல். தமிழ்நாடு அரசு 2015-இல் தொடங்கிய 16 பொருள் குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் வலையும் கை கழுவும் திரவமும் இடம்பெற்றது தற்செயல் இல்லை. கை கழுவினால் பிரசவ வார்டில் சாவு குறையும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் வியன்னாவில் 1847-இலேயே காட்டிவிட்டார்!

நாற்பது நாள் கணக்கில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

நாற்பது நாள் வரை பிள்ளையை வெளியே கொண்டுபோகாதே, கண்டவரிடம் கொடுக்காதே என்பது நம் ஆச்சிமார் சட்டம். பிறந்த உடனே பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி; அதன்பின் கக்குவான், தொண்டை அடைப்பான் தடுப்பூசி தொடங்குவது எத்தனையாவது நாளில் தெரியுமா? ஆறு வாரத்தில், அதாவது 42-ஆம் நாளில்! அதுவரை பிள்ளைக்குச் சொந்தக் கவசம் குறைவு. சளி இருமல் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும். முத்தம் வேண்டவே வேண்டாம்! ஆஷா பணியாளர்கள் வீடு தேடி வந்து பிள்ளையைப் பார்க்கும் நாட்களும் 3, 7, 14, 21, 28, 42 என்று அதே கணக்கில்தான் முடிகின்றன.

டோனாவூரின் கண்ணீர்ப் பாடம், தெரியுமா?

திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் 1901 முதல் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்தார். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும், மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் ஒரு விடுதி வைத்தார்கள். பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண் அதைப் பொறுப்பேற்று நடத்தினார். தாய்ப்பால் கிடைக்காத அந்தப் பிள்ளைகளிடையே வயிற்றுக் கடுப்பு பரவியபோது பல உயிர்கள் போயின. அன்பும் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. தாய்ப்பால் என்ற கவசம் மட்டும் இல்லை.

வெள்ளத்திலும் கெடாத ஒரே உணவு எது, தெரியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அப்படிப்பட்ட நாளில் பால்பவுடர் டப்பா இருந்தாலும் கலக்கச் சுத்தமான தண்ணீர் ஏது? தாய்ப்பாலுக்கு அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஐப்பசி பிறந்தாலே தடுப்பூசி அட்டை, தொப்பி, உலர்ந்த துணி எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் பையில் கட்டி மேல் பரணில் வைத்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை சொல்லும் காது ரகசியம், தெரியுமா?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை! இன்று ஒரு சிறு கருவியைத் தூங்கும் பிள்ளையின் காதில் வைத்தே கேட்கும் திறனைச் சோதித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை: 1-3-6 என்று நினைவில் வையுங்கள்.

கடைசியாக, இந்த ஏழு அறிகுறிகள் உயிர்க்காவல்!

பால் குடிக்க மறுப்பது; வலிப்பு; நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு; மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவது; 37.5-க்கு மேல் காய்ச்சல் அல்லது 35.5-க்குக் கீழே சில்லிப்பு. தூண்டினால் மட்டுமே அசைவு, அல்லது அசைவே இல்லை. உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள். இதில் ஒன்று தெரிந்தாலும் உரைகல்லைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்! சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளம் பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாமே இலவசம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலும் நெஞ்சோடு அணைத்தபடியே போங்கள், சூடு குறையக்கூடாது.

அப்படியானால் கடையில் வாங்க வேண்டியது? ஒரு டிஜிட்டல் வெப்பமானி, ஒரு கொசுவலை, ஒரு சோப்பு. அவ்வளவுதான்! வாய், மூக்கு, காது, கண், தொப்புள் என்று பிள்ளையின் உடம்பில் எதிலும் எதையும் ஊற்றாத வீட்டில் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரின் எண் வீட்டில் எல்லார் செல்போனிலும் இருக்கிறதா? ஆச்சி செல்போனிலும் இருக்கட்டும். பிள்ளையை அதிக நேரம் மடியில் வைத்திருப்பவர் அவர்தானே!